எண் தனியாக நிற்கக் கூடாது

அத்தியாயம் பதினொன்று

தலைப்பில் இருப்பது அம்மாவின் மொழியில் முதல் விதி. ஆரம்பத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு அது மனப்பாடம் ஆகியிருக்கும். இந்த வாரம்தான் வண்டியில் ஏறியவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம்.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையில் மருந்தாளுநர். மூன்று வருடங்களுக்கு முன்னால் குழந்தைகள் வார்டில் ஒரு குழந்தையின் எடையை யாரோ கணினியில் அடித்தார்கள். இருபத்தாறு. எடை பார்த்த மெஷின் பவுண்டில் காட்டியது. கணினி அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டது. ஒரு வாரம் இரண்டு மடங்குக்கு மேல் மருந்து ஏறியது. குழந்தை பிழைத்தது. காது இரண்டும் போயிற்று. விசாரணை வைத்தார்கள், யார் மேலும் தப்பில்லை என்று முடித்தார்கள். அம்மாவால் தாங்க முடியாமல் போனது அந்த முடிவைத்தான்.

அதன் பிறகு அவள் உட்கார்ந்து ஒரு மொழி எழுதினாள். பேசுகிற மொழி இல்லை. மருந்தின் அளவைக் கணக்குப் போடும்படி கணினிக்குக் கட்டளை எழுதுகிற மொழி. அதில் கிலோ, பவுண்டு, மில்லி என்று எதுவும் ஒட்டாமல் எந்த எண்ணும் தனியாக நிற்க முடியாது. கிலோவோடு பவுண்டைக் கூட்டச் சொன்னால் அது நகராது. வீட்டில் அதற்கு 'அம்மா பாஷை' என்று பெயர். போன வாரம் மருத்துவமனை அறக்கட்டளை ஒருவழியாக இறங்கி வந்தது. ஒரே ஒரு ஆளுக்கு ஆறு மாதச் சம்பளம் தருவார்கள். அதற்குள் காகிதத்தில் இருப்பதைக் கணினியில் ஓட்டிக் காட்ட வேண்டும். யார் அந்த ஆள் என்பதை வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்ல வேண்டும்.

இது அந்த வெள்ளிக்கிழமை.

நேர்முகத் தேர்வுக்குக் கிடைத்தது மருத்துவமனையின் பழைய எக்ஸ்ரே அறை. சுவரெல்லாம் ஈயத் தகடு. கதவைத் தள்ளத் தோள் வேண்டும். உள்ளே போனால் கைபேசி செத்த மாதிரி. யாரோடாவது பேச வேண்டுமானால் வராந்தாவுக்கு வர வேண்டும். படம் மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டிகள் இன்னும் சுவரில் இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் எரிந்தது. அதை அணைக்கும் சுவிட்ச் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மேஜைக்குப் பின்னால் அம்மாவும் அவளுடைய மூத்த மகள் பெரியவளும் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியவளை அம்மா கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. ஆள் எடுப்பதுதான் அவள் தொழில். ஒரு பேருந்து நிறுவனத்தில் டிரைவர்களையும் மெக்கானிக்குகளையும் தேர்ந்தெடுக்கிறவள் அவள். கணினியைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. மனிதர்கள் எந்த இடத்தில் மழுப்புவார்கள் என்பது தெரியும்.

வராந்தாவில் நாற்காலி போட்டு ஆட்களை உள்ளே அனுப்பியது பெரியவளின் தம்பி. பல் செட்டு செய்கிற ஒரு லேபில் வேலை. ஆறடிக்கு வளர்ந்த பிறகும் வீட்டில் அவன் பெயர் குட்டிதான்.

வந்த விண்ணப்பங்களில் பெயரை அழித்து எண் போட்டுத் தரும்படி குட்டியிடம் சொன்னது அம்மா. "புது மருந்தைச் சோதிக்கறப்போ எந்தப் பாட்டில்ல எது இருக்குன்னு சோதிக்கறவங்களுக்கே சொல்ல மாட்டாங்க. அந்த மாதிரி. பேரைப் பார்க்காம பதிலை மட்டும் பார்ப்போம்" என்றாள். அப்படிப் பார்த்துத் தேறியவர்கள் மூன்று பேர்.

முதலில் வந்தவர் பெரிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர். கை குலுக்கினார். அம்மா எல்லோருக்குமான கேள்வியைக் கேட்டாள்.

"நர்ஸ் அவசரத்துல எடைன்னு வெறும் இருபத்தாறு அடிச்சுட்டாங்க. கிலோன்னும் போடல, பவுண்டுன்னும் போடல. மொழி என்ன செய்யணும்?"

"கிலோன்னு எடுத்துக்கும் மேடம். எல்லாரும் கிலோதானே போடறாங்க."

அம்மா பேனாவை மூடினாள். பெரியவள் தன் கேள்வியைக் கேட்டாள். டிரைவர்களிடம் அவள் கேட்பது, 'கடைசியா வண்டியை எங்கயாவது இடிச்சப்போ முதல்ல யார்கிட்ட சொன்னீங்க?' என்று. இங்கே அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள்.

"பாதியில போய், இது நடக்காதுன்னு உங்களுக்குத் தெரியுது. எப்போ, யார்கிட்ட சொல்லுவீங்க?"

"அந்த மாதிரி நிலைமையே வராது மேடம். எல்லாத்தையும் முடிச்சுடலாம்."

அவர் போன பிறகு, அதுவரை கதவிடுக்கில் காதை வைத்திருந்த குட்டி தலையை நீட்டினான். "முடிச்சுடலாம் போயிட்டார். அடுத்தவங்களை அனுப்பவா?"

அடுத்து வந்தவர் ஐம்பதை ஒட்டிய ஒரு பெண். கழுத்தில் ஒரு கண்ணாடி தொங்கியது, இன்னொன்று தலைமேல் இருந்தது. நாம் எழுதுகிற கட்டளையைப் படித்துப் பார்த்து இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிற மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். அதைச் செய்வதிலேயே பாதி வாழ்க்கை போனவர். மாமியாரைக் கவனிக்க வேலையை விட்டு, மாமியார் போன பிறகும் திரும்பிப் போகாமல் இருந்துவிட்டவர்.

"இருபத்தாறுன்னு மட்டும் அடிச்சா நின்னுடணும்" என்றார். "கணக்கை ஓட்டிப் பார்த்து நிக்கறது இல்ல. ஓடறதுக்கு முன்னாடியே நிக்கணும்."

அம்மா நிமிர்ந்தாள். அடுத்த வாக்கியம் வராமல் இருந்திருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

"நீங்க அனுப்பினதை முழுசாப் படிச்சேன். பாதியை எடுத்துடலாம்."

"எந்தப் பாதியை?"

"ரெண்டாவது பாதியை. முதல் பாதி ரொம்ப நல்லா இருக்கு. போகப் போக உங்களுக்குப் பயம் வந்திருக்கு. நர்ஸ் இப்படிச் செஞ்சா என்ன, டாக்டர் அப்படிச் செஞ்சா என்னன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு விதி. முதல்ல இருக்கறதை ஒழுங்காச் செஞ்சா மீதி தானா வந்துடும்."

"அந்த மீதி, நடந்ததைப் பார்த்து எழுதினது."

"அது தெரியுது. அதனாலதான் சொல்றேன்."

அம்மாவின் காது சிவந்ததைப் பெரியவள் மட்டும் பார்த்தாள். தன் கேள்வியைப் போட்டாள். நடக்காதென்று தெரிந்தால் எப்போது சொல்வீர்கள்?

"அன்னிக்கே. உங்க அம்மாகிட்டதான் சொல்லுவேன். இப்போ சொன்ன மாதிரி. அவங்களுக்குப் பிடிக்காது. பரவாயில்ல."

அவர் எழுந்து போனார். அம்மா மதிப்பெண் தாளில் என்ன எழுதினாள் என்பதைக் கையால் மறைத்துக்கொண்டாள், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி.

மூன்றாவது ஆளுக்காகக் குட்டி கதவைத் திறந்தபோது தலையை நீட்டவில்லை. ஆளை உள்ளே விட்டுவிட்டு உடனே சாத்திக்கொண்டான்.

"வாங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா.

அது வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஆறு வருடப் பழக்கம். பெரியவளுக்கும் அவனுக்கும் விவாகரத்து ஆகி இரண்டு வருடமாகியும் நாக்குக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

"வணக்கம் மேடம்" என்றான் அவன். பெரியவளைப் பார்த்தும் அதையே சொன்னான். "வணக்கம் மேடம்."

பெரியவள் முன்னாலிருந்த தாளில் 'மூன்று' என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளைக்கு முன்னால் அந்த விண்ணப்பத்துக்கு அதிக மதிப்பெண் போட்டது அவள்தான். எழுத்து நேராக இருக்கிறது, அலட்டல் இல்லை என்று அம்மாவிடம் சொல்லியும் இருந்தாள்.

எழுந்து வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் டிரைவர் வேலைக்கு வந்தவன் ஒருமுறை குடித்துவிட்டு வந்து மேஜையைத் தட்டியபோதும் அவள் எழுந்ததில்லை. "உக்காருங்க" என்றாள்.

அம்மா கேள்வியைக் கேட்டாள்.

"நிக்கணும்" என்றான் அவன். "ஆனா நின்னா மட்டும் போதாது அத்... மேடம். அந்தத் திரைக்கு முன்னாடி யார் நிக்கறாங்க? பக்கத்துல குழந்தை அழுது, அதோட அம்மா அழறாங்க, இன்னொரு பெட்ல கூப்பிடறாங்க. மெஷின் 'தவறு'ன்னு மட்டும் சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?"

"பையிலேருந்து கால்குலேட்டரை எடுப்பாங்க" என்றாள் அம்மா மெதுவாக.

"அவ்வளவுதான். உங்க மொழி வாசல்லயே நின்னுடும். அதனால ஏன் நின்னோம், இப்போ என்ன அடிக்கணும்னு ஒரே வரியில, அவங்க பேசற மாதிரி சொல்லணும். 'இது கிலோவா பவுண்டா? மெஷினைப் பார்த்துச் சொல்லுங்க.' அப்படி."

அம்மா எழுதவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்றை எதிரே உட்கார்ந்து ஒருவன் சொல்கிறான். அவள் முகம் அப்படியே மலர்ந்துபோய் இருந்தது.

பெரியவளின் கேள்வி மீதி இருந்தது. அதை விட்டுவிடலாம். விட்டால் மற்ற இருவரிடம் கேட்டது அநியாயமாகிவிடும்.

இவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அவனுக்கு வேலை போயிற்று. அதைச் சொல்லாமல் எட்டு மாதம் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய் நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்தான். ஒருநாள் அவன் கைபேசியை மறந்து வைத்துவிட்டுப் போக, அவள் ஆபீஸுக்குப் போன் செய்தாள். வரவேற்பில் இருந்த பெண் சொல்லித்தான் தெரிந்தது.

"பாதியில போய், இது நடக்காதுன்னு உங்களுக்குத் தெரியுது" என்று தொடங்கினாள் பெரியவள். பேருந்து நிறுவனத்தில் கேட்கும் அதே குரல். "எப்போ, யார்கிட்ட சொல்லுவீங்க?"

அவன் விளக்குப் பெட்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"முதல்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தனியா மல்லுக்கட்டிப் பார்ப்பேன். அப்புறம் சொல்லுவேன். முன்னாடியெல்லாம் எனக்கு அந்த 'அப்புறம்' வந்ததே இல்ல. இப்போ வருது."

"நன்றி. முடிவை இன்னிக்கே சொல்லிடுவோம்" என்றாள் அவள்.

கதவு மூடியதும் அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. குட்டி தானாகவே உள்ளே வந்து சுவரோரம் நின்றான்.

"பேரை மறைக்கச் சொன்னா ஆளையே மறைச்சுட்டியேடா" என்றாள் பெரியவள்.

"பேரைப் பார்க்காம எடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. பேரைப் பார்த்திருந்தா அதிக மார்க் போட்டிருப்பியா?"

அம்மா தாள்களை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்ததை மறுபடியும் அடுக்கினாள்.

"அவரை எடுக்க வேணாம்" என்றாள் அம்மா.

"ஏன்?"

"தினமும் இங்க வரணும். நீயும் வருவே. பார்த்துக்கிட்டே இருக்கணும். எனக்கு மொழி முக்கியம்தான். அதுக்காக உன்னை..."

"என்னைச் சாக்கா வைக்காதேம்மா. அப்புறம் மொழி ஓடலேன்னா எனக்காக விட்டுக்கொடுத்தேன்னு ஆயிடும். அந்தக் கணக்கு எனக்கு வேணாம். சரி, அவர் வேணாம்னா யாரு?"

"அந்த முதல் ஆளு."

"முடிச்சுடலாமா?" என்றான் குட்டி நம்ப முடியாமல். "அந்தாளு கிலோன்னு எடுத்துக்கலாம்னு சொன்னாரேம்மா."

"சொல்லிக் கொடுத்தா செய்வார். சொன்ன பேச்சைக் கேட்பார்."

"ரெண்டாவதா வந்த அந்த அம்மாவை ஏன் விட்டே?" என்று பெரியவள் கேட்டாள்.

"எனக்குப் பிடிக்கல."

"பிடிக்கலைங்கறது ஒரு காரணமாம்மா?"

"உனக்கு மட்டும் என்ன காரணம் இருக்காம், மூணாவது ஆளை வேணாங்கறதுக்கு?"

"நான் வேணாம்னு சொல்லவே இல்லயே" என்றாள் பெரியவள். சொன்ன பிறகு அது தன் காதுக்கே புதிதாகக் கேட்டது. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

கீழே ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி, சைக்கிள் ஸ்டாண்ட். அதன் கம்பியில் சாய்ந்து அவன் நின்றுகொண்டிருந்தான்.

"பஸ் வரலயா?"

"மூணு பஸ் போயிடுச்சு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மேல ஏறி வரலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன்."

அவள் காத்திருந்தாள். டிரைவர்களிடமும் அவள் இப்படித்தான் காத்திருப்பாள். பேச ஆரம்பித்தவனைத் தள்ளிவிடத் தேவையில்லை.

"அலகைச் சரிபார்க்கற பகுதி இருக்கே, அந்த மொழிக்கு உயிரே அதான். நான் அதைப் பத்திப் படிச்சிருக்கேன். செஞ்சதில்ல. செஞ்சுடுவேன், ஆனா எனக்கு ஒரு வருஷம் ஆகும். உங்களுக்கு இருக்கறது ஆறு மாசம். எனக்கு முன்னாடி உள்ள வந்தாங்களே, அவங்களுக்கு அது கைவந்த வேலை. அவங்களை எடுங்க."

"இதை உள்ளயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும். அத்தை முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தோட உக்காந்திருந்தாங்க. வாய் வரல." அவன் கம்பியிலிருந்து நிமிர்ந்தான். "பார்த்தியா, இன்னும் எனக்கு இவ்வளவு நேரம் ஆகுது."

இரண்டு வருடத்தில் முதல் தடவை அவன் 'நீ' என்று பேசிவிட்டான். அவன் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவள் கவனித்தாள்.

"எட்டு மாசத்துக்கு இது தேவலை" என்றாள்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, ஆனால் கிளம்பவும் இல்லை. ஒரு ஆம்புலன்ஸ் பின்னால் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சர் போக இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"இந்த வேலை உங்களுக்குத் தேவைதானே?" என்று கேட்டாள்.

"தேவைதான். வேற ஒண்ணு பார்த்துக்கறேன்."

"அவ்வளவுதானா? சொல்லாம விட்டது எதுவும் இல்லயே?"

"இல்ல" என்றான் அவன். பஸ் வந்தது. ஏறிக்கொண்டான். அவள் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் இருந்தும் மறுபக்கம் போய் உட்கார்ந்தான்.

பெரியவள் மாடிக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னாள். தன்னிடமிருந்து ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

"அவரே சொன்னாரா?" என்றாள் அம்மா.

"அவரேதான்."

"தனக்குக் கிடைக்க இருந்ததை..."

"ஆமாம்மா."

அம்மா தன் தாள்களை எடுத்து இரண்டாவது பாதியைத் திருப்பினாள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு முகம் இருந்தது, ஒரு படுக்கை இருந்தது. அதை எழுதியபோது யாருடைய குழந்தை அழுதுகொண்டிருந்தது என்பது வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு விதியைப் படித்துவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தாள். இன்னொன்றைப் படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"வந்துடும்தான் போலிருக்கு" என்றாள் கடைசியில்.

"என்னது?"

"மீதி. அந்த அம்மா சொன்ன மாதிரி, முதல்ல இருக்கறதைச் சரியாச் செஞ்சா தானா வந்துடும்." தாள்களைப் பெரியவள் பக்கம் நகர்த்தினாள். "இவ்வளவு நாளா இதைத்தான் பெருசாச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சேன்."

குட்டி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அம்மா பக்கத்தில் வைத்தான். அவள் குடித்தாள். அழுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "போன் பண்ணு. அறக்கட்டளை ஆபீஸ் பூட்டிடப் போறாங்க" என்றாள்.

பெரியவள் வராந்தாவுக்கு வந்து எண்ணை அழுத்தினாள். அந்தப் பெண் முதல் மணியிலேயே எடுத்தார்.

வேலை உங்களுக்குத்தான் என்றாள் பெரியவள்.

"உங்க அம்மா ஒத்துக்கிட்டாங்களா?"

"அவங்கதான் போன் பண்ணச் சொன்னாங்க."

"நான் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன். வீட்டுக்கு வந்ததுலேருந்து அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். வேலையை விட்டு ரொம்ப நாளாச்சு, எப்படிப் பேசணும்னே மறந்துபோச்சு." குரல் தழைந்திருந்தது. "சரி, எனக்கு அப்புறம் உள்ள போனாரே, அவரை எடுக்கலயா?"

"அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"அவர்தானே எனக்கு விளம்பரத்தை அனுப்பினதே. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி என் கீழ வேலை கத்துக்கிட்டவர். நான் போக மாட்டேன், என்னை யாரு எடுப்பாங்கன்னு சொன்னேன். விடவே இல்ல. அந்தக் குழந்தைக்கு நடந்ததையெல்லாம் சொல்லி, நீங்கதான் செய்யணும்னார். தனியா வர எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அப்போ நானும் விண்ணப்பம் போடறேன், சேர்ந்தே போவோம்னார். பஸ்ல ஒண்ணாத்தான் வந்தோம். வராந்தாவுல வந்ததும் தெரியாதவர் மாதிரி தள்ளி உக்காந்துட்டார். ஏன்னு கேட்டா, இங்க எனக்குக் கொஞ்சம் பழைய பழக்கம் உண்டுன்னார். அவ்வளவுதான் சொன்னார்."

வராந்தாவின் கோடியில் ஒருவர் தரை துடைத்துக்கொண்டு வந்தார். பெரியவள் ஈரத்தில் கால் படாமல் சுவரோரம் நகர்ந்தாள்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேன். திங்கட்கிழமை காலையில வந்துடுங்க."

கைபேசியை வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். சொல்லாமல் விட்டது எதுவும் உண்டா என்று சைக்கிள் ஸ்டாண்டில் நேராகவே கேட்டிருந்தாள். முகத்தைப் பார்த்து இல்லை என்றான். கோபப்பட வேண்டுமா என்று பார்த்தாள். கோபம் இருந்தது. அதை எந்தப் பக்கம் வைப்பது என்றுதான் பிடிபடவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குட்டி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அம்மா அறக்கட்டளைக்கான தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வர்றாங்களா?"

"வர்றாங்க. கடுமையாப் பேசிட்டோமேன்னு வருத்தப்பட்டாங்க."

"அதை விடு. வேற என்ன சொன்னாங்க? ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தியே."

பெரியவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வேற ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.